இருமல்

வினிபெக் நூலகம் கழித்துக்கட்டிய இசைத்தட்டுகள்,
ஒன்று ஐம்பது காசு.
பேருந்துப் பணிமனையில் இரவுமுறை முடிந்து
பூட்ஸைக் கழற்றுமுன் ஊசியை இறக்கிவிடுவேன்.

ப்ராக் நகரத்து நால்வர். லிஸ்பனில் ஒரு பியானோ.
உறை தொலைந்த ஒரு தோடி.

நால்வரில் செல்லோ மட்டும் தாழ்ந்து
மூச்சடக்கும் இடத்தில் யாரோ இருமுகிறார்,
அறுபது வருடமாய், அதே இடத்தில்.

வேறு குழு வாசித்ததையும் தேடி வாங்கினேன்.
பிசிறில்லை. துடைத்த கண்ணாடி.
அந்த இடம் வந்தது,
இருமல் வரவில்லை.
என் தொண்டை அரித்தது.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தோடி முடிந்து தனி தொடங்கியதும்
நாற்காலி கிறீச்சிட ஒருவர் எழுந்து போகிறார்.
காபிக்காகத்தான் இருக்கும்.
செருப்புச் சத்தம் வாசலைத் தொடுமுன்
தட்டு முடிந்துவிடுகிறது.
புரட்டிப் போடுகிறேன்,
திரும்பி வருகிறாரா பார்க்க.