மீனாட்சிபுரம் சோதனைச் சாவடி, செவ்வாய் இரவு

விரல் நீளம்கூட இல்லாத கல் உருளை.
ஈரக் களிமண்ணில் உருட்டியிருக்கிறார்கள்.
போனில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்:
நாற்காலியில் கடவுள், கையில் கிண்ணம்.
எதிரே ஒருவன்.
அவன் மணிக்கட்டைப் பிடித்து
முன்னால் கூட்டி வருகிறது ஒரு சிறு தெய்வம்.
மேலே பிறை.

பொள்ளாச்சிச் சந்தை லாரி வந்து நிற்கிறது.
இருபத்திரண்டு மாடு; காகிதத்தில் பதினாறு.
டிரைவர் மயிலானந்தத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்
கூட்டி வருகிறார் புரோக்கர் சைதலவி.
இன்ஸ்பெக்டர் கையில் கட்டன்சாயா.
டியூப்லைட்டைச் சுற்றி ஈசல்.
லாரிக்குள் ஒரு மாடு இருமுகிறது.

கல்லில் எல்லாவற்றையும்
இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டுமாம்,
மண்ணில் விழும்போது நேராகிவிடும்.
ரசீதில் ரப்பர் ஸ்டாம்ப் நேராக விழுகிறது.

உருளை ஒரு சுற்று முடிந்தால்
கடவுளின் முதுகுக்குப் பின்னாலேயே
அடுத்த ஆள், அடுத்த மணிக்கட்டு.
ஹாரன் அடிக்கிறான்.

வெற்றிடம் பிடிக்காதாம் செதுக்குகிறவனுக்கு.
நாற்காலிக்கும் முழங்காலுக்கும் நடுவே
ஒரு தேள், ஒரு மீன்,
குந்தியிருக்கும் குட்டிக் குரங்கு.
எதற்கென்று யாருக்கும் தெரியாது.

ஸ்டூலில் காலை மடக்கி உட்கார்ந்து
கீபோர்டை இழுக்கிறேன்.
பதினாறு.