உள்ளே இருபத்துமூணு

சுட்ட கண்ணாடியில் தண்ணி பட்டால் விரிசல் விடும்.
பொழுது கிளம்பும் முன்னமே கழுவி முடிக்கணும்.
மூணு மணிக்கு வேன் வரும்,
மூலனூர் தாண்டி, காத்தாடிகளின் சிவப்புக் கண்கள்
ஒன்றாய்த் திறந்து ஒன்றாய் மூடும் மேட்டு வழியே.

எங்கள் பக்கம் சூரியனுக்குப் பேர் பொழுது.
நேரத்துக்கும் அதே பேர்தான்.
கல்லாங்காட்டுப் பண்ணாடி
நாற்பது ஏக்கர் கொறங்காட்டை
இருபத்தேழு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தபோது
எதைக் கொடுத்தார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை:
மண்ணையா, மண்மேல் விழும் பொழுதையா,
என் மகளுக்கு நரை விழும் வரைக்குமான பொழுதையா.

அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
ஆயிரத்து நூறு அடி ஓட்டியும் புழுதிதான் வந்தது.
ராத்திரி ஷிப்ட் மும்முனைக் கரண்டுக்கு எழுந்துபோய்
இல்லாத தண்ணிக்கு மோட்டார் எடுத்துவிட்ட மனுஷன்.
இப்போது பேங்கில் விழுகிறது,
மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்.

அந்தக் காட்டைப் புல் குத்தகைக்குப் பிடித்து
மேய்த்துக்கொண்டிருந்தவள் நான்.
அதை எழுதப் பத்திரத்தில் இடம் இல்லை.
வெள்வேல மரங்களை ஜேசிபி சாய்த்த வாரம்
அறுபது உருப்படியில் முப்பத்தேழு
கன்னிவாடிச் சந்தைக்குப் போனது.

ஒரு வரிசைக்கு அறுபது தகடு. நீளக் கம்பில் பிரஷ்.
புறா எச்சம், குவாரித் தூசு, எதுவும் தங்கக்கூடாது.
விரலகல அழுக்குக்கு எத்தனை யூனிட் நட்டம் என்று
சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே நடப்பார்.
என் வீட்டுக் கூரைத் தகரத்தை
நான் ஒருநாளும் கழுவியதில்லை.

தகட்டின் கீழ்விளிம்பில் தண்ணி சொட்டிய கோட்டில்
ஆடிக்குள் கொழுக்கட்டைப் புல் வந்துவிட்டது,
தறியில் பாவு ஓடின மாதிரி நேர் நேராய்.
புல் உயர்ந்தால் நிழல். நிழல் விழுந்தால் கரண்டு குறையும்.
மருந்தடிக்கச் சொன்னார் இன்ஜினியர்.

"ஏனுங் சார், ஆடு இருக்குதுங்" என்றேன்.
"தகட்டு மேல ஏறிடுமே."
"ஏறுறது வெள்ளாடுங். செம்மறி ஏறாதுங்.
அது தலை குனிஞ்சா குனிஞ்சதுதானுங்."
ஒயரைக் கடிக்குமா, மூத்திரத்தில் கம்பி துருவேறுமா என்று
மூணு வாரம் சென்னைக்கு மெயில் போனது.
அனுமதி வந்தது: செம்மறி மட்டும்.
கிடாய் கூடாது, கண்ணாடியில் எதிரியைப் பார்க்கும்.
தினமும் ரிஜிஸ்டரில் எண்ணிக்கை.

கேட்டில் சனாதன், ஒடிசாக்காரன்.
தமிழில் எண்கள் அவனுக்கு நன்றாக வரும்,
மற்ற வார்த்தைகள் இனிமேல்தான்.
எட்டு மணிக்கு எழுதினான்: உள்ளே இருபத்துமூணு.

மத்தியானம் தகட்டடி நிழலில் ஆடுகள் படுத்திருந்தன.
இன்வெர்ட்டர் தேனடை மாதிரி இரைந்தது.
நாற்பத்தொன்றாம் வரிசையில் செவலை மட்டும்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது.
எனக்குத் தெரியும் அந்த நிற்பு.
கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து போனேன்.

ஆறு மணி. வெளியே: இருபத்துநாலு.
சனாதன் பேனாவை வைத்துவிட்டான்.
மறுபடி எண்ணினான். ஒரு விரலை ஆட்டிக் காட்டினான்.
குறைந்தால் என்ன செய்வதென்று சொல்லியிருக்கிறார்கள்.
கூடினால்?
போன் போட்டு என்னிடம் நீட்டினான்.
உள்ளே விளைவது எதுவானாலும் கம்பெனிக்கு என்று
பத்திரத்தில் இருக்கிறதாம்.
இன்ஜினியர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
"இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றும் சொன்னார்.

பொழுது விழுந்துவிட்டது.
மீட்டர் பூஜ்யத்துக்கு வந்து,
அத்தனை கண்ணாடியும் கறுத்துக் கிடக்கிறது.
எங்கள் ஊரில் கரண்டு இல்லை என்று
திசையைப் பார்த்தே தெரிகிறது.
இருபத்துமூணும் வெளியே போயாச்சு.
கேட்டுக்கு உள்பக்கம் நான், மடியில் ஈரம் காயாத குட்டி.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று செவலை கத்துகிறது.
இது இங்கிருந்து பதில் சொல்கிறது, கையெழுத்து இல்லாமல்.
சனாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டுகிறான்.
போன் இன்னும் அடிக்கவில்லை.