ஒரு ப்

பரமேஸ்வராச் சந்தியில் என் போட்டோக்கொப்பிக் கடை.
மழை விட்ட பின்னேரம். ஹெல்மெட் கழற்றாமலே
ஒரு பிள்ளை பென்டிரைவை நீட்டினாள்:
"இருநூறு அங்கிள். கெதியா."

திறந்தேன்.
'எதிர்பு ஊர்வலம்' என்றிருந்தது.

எண்பத்துநாலில் ஞானசீலனும் இப்படித்தான்
ஸ்டென்சிலில் ஒரு ப் விட்டான்.
ரோனியோவைச் சுற்ற நின்ற நான் சொன்னேன்,
விளங்கும் மச்சான், விடு.
விடவில்லை. தமிழ் விசேட பாடக்காரன்.
பிழைத் தமிழில் நியாயம் கேட்கேலாது என்று
மெழுகுத்தாளைத் திரும்ப வெட்டக் குந்தினான்.
அரை மணித்தியாலம்.
நான் தேத்தண்ணி வாங்கக் கொக்குவில் பக்கம் போனேன்.
அதற்குள்தான் ஜீப் வந்தது.

"ஒரு ப் குறையுது, பிள்ளை."
சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேனோ.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"விளங்கும் அங்கிள், விடுங்கோ."

மெஷின் ஓடியது. தாள்கள் சூடாக விழுந்தன.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த மை
இன்னும் நகக்கண்ணில் கிடக்கிறதோ என்று
கையைப் பார்த்தேன்.

எதிர்ப்பக்கம் மரத்தடியில்
போனை நோண்டியபடி நெடுநேரம் நிற்கிறவனை
எனக்கு முன்னமே அவள் கண்டிருந்தாள்.
கட்டை இரண்டாகப் பிரித்து
ஒன்றை மழைக்கோட்டுக்குள் செருகினாள்.
"ஃபைலை அழிச்சுவிடுங்கோ. ரீசைக்கிள் பின்னிலயும்."

உறுதியா என்று கேட்டது கணினி.
ஓம்.

இருநூறு தாளிலும் அந்த ப் இல்லை.
இராமநாதன் வீதித் திருப்பத்தில்
ஸ்கூட்டிச் சத்தம் தேயும்வரை
மிச்சக்காசைக் கையில் வைத்தபடி நின்றேன்.
வாங்க மறந்து போனாள்.

ஞானசீலன் என்றால்
பேனையோடு பின்னால் ஓடியிருப்பான்.