காபி வடிதாள்

திரும்பி வந்துவிட்டது உருளை.
காகித ஆலையில் மூன்று மாதம்கூடச் சுழலவில்லை.
ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப்
பெயர்ந்த பீங்கான் பூச்சு
முட்டையோடாகக் கிடக்கிறது பெட்டியில்.

ஹில்க்கா கையுறையைக் கழற்றி
நகத்தால் கீறிப் பார்த்தாள்.
அடியில் எஃகு பளபளவென்று,
ஒன்றுமே நடக்காததுபோல்.
ஒரு பொருக்கைக்கூட அது
நினைவுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

தூள் சரியில்லை என்றான் தைஸ்தோ.
சுடரில் சூடு போதவில்லை என்றது அலுவலகம்.
வெளியே வர்க்காவுஸில் ஏரி உறைந்து கிடந்தது,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
அந்தக் குளிரிலிருந்து உள்ளே வந்த இரும்பு
வியர்த்திருக்கும் என்றார் கிடங்குக்காரர்.
எல்லாமே நடக்கக்கூடியதுதான்.

அவள் சமையல் மூலைக்குப் போய்
காபி வடிதாள் ஒன்றை எடுத்துவந்தாள்.
மணல் வீசும் குழாயை
மணலில்லாமல்
வெறும் காற்றாக அதன்மேல் திறந்தாள்.
ஒரு நிமிடம்.
வெள்ளைத் தாளில்
கடுகளவு மஞ்சள்.

எண்ணெய் பூசிக்கொண்டு புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பது
உடம்புக்குச் சொன்னது.
இங்கே கடுகளவு எண்ணெய் போதும்,
ஒட்டவேண்டியதும் ஒட்டாது.

கம்ப்ரெஸரின் வடிகட்டியை மாற்ற இரண்டு நாள்.
பழைய பூச்சை முழுக்க உரிக்க இன்னொன்று.
பிறகு அலுமினா மணல்.
அடிக்க அடிக்கப் பளபளப்பு செத்து
எஃகு சாம்பல் நிறமாயிற்று,
பூனை நாக்குப்போல் சொரசொரத்தது.
நிறுத்து என்றாள்.
இதற்குமேல் அடித்தால் மணலே உள்ளே குத்தி நிற்கும்,
பிடிமானம் என்று நம்பியது பிளவாகிவிடும்.

இனி யாரும் தொடக்கூடாது.
விரல்ரேகையும் எண்ணெய்தான்.
துரு வந்து முந்திக்கொள்ளுமுன்
சில மணிநேரமே கெடு.
முதலில் நிக்கல் குரோமிய அடிப்பூச்சு.
அதன்மேல் உருகிய பீங்கான் துளிகள்
வந்து அறைந்து, பள்ளங்களில் வழிந்து,
உறைந்து சுருங்குகையில்
மேடுகளை இறுகப் பற்றின.

மாதிரித் தகட்டில் குமிழை ஒட்டி
இயந்திரத்தில் மாட்டி இழுத்தார்கள்.
முள் ஏறியது.
தைஸ்தோ மூச்சைப் பிடித்திருந்தான்.
டப்.

அறுந்தது பசை.
பீங்கான் எஃகோடு இருந்தது.

அதன் பலம் எவ்வளவு என்று தெரியாது,
பசையைவிட அதிகம் என்று மட்டும் எழுதலாம்.
ஹில்க்கா அப்படியே எழுதினாள்.
மஞ்சள் பொட்டு விழுந்த தாளைத்
தேதி போட்டுக் குழாயருகே குத்திவைத்தாள்.
கட்டில் மிச்சமிருந்ததில் ஒன்றை உருவி
எல்லாருக்கும் காபி போட்டாள்.

தைஸ்தோ தன் கோப்பையை
ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக்
குடித்தான்.