ஏர்க்கர்

முத்தையன்கட்டு இடதுகரை, மூன்றாம் வாய்க்கால்.
மனுவின் இரண்டாவது வரியில்
செல்வநிதி அப்படித்தான் எழுதியிருந்தாள்:
'எனது கணவரின் பேரில் இரண்டு ஏர்க்கர் வயல்.'

நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவள்.
பிழை கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனையைத் தேடும்.
தேடியது. மூடியும் கழற்றியாயிற்று.
நடுவில் அந்த 'ர்' மட்டும்
வரம்பில் ஊன்றிவிட்டுப் போன மண்வெட்டிப் பிடிபோல
நின்றுகொண்டிருந்தது.

அன்று மின்சாரமும் இல்லை.
அலுமாரியின் அடித்தட்டில் ஓர் ஆங்கில அகராதி,
எந்த அதிகாரி விட்டுப்போனதோ.
ஷெல் துண்டொன்று 'எம்' எழுத்தில் நுழைந்து
'எஸ்' எழுத்தில் நின்றுபோயிருக்கிறது.
எனக்கு வேண்டிய சொல் முதல் எழுத்தில் இருந்ததால்
காயமில்லாமல் கிடைத்தது.

ஏக்கர் முதலில் அளவே இல்லையாம்.
வேலி போடாத வெளி,
காடு முடிந்து கண் ஓடத் தொடங்கும் இடம்.
பிறகு,
ஏரில் பூட்டிய மாடுகள் ஒரு பகலில் உழுது முடிக்கிற துண்டு.
மாட்டைத் திருப்புவது வில்லங்கம்,
அதனால் நீளமாய், ஒடுக்கமாய்,
ஒரு சால் எவ்வளவு தூரம் போய் மூச்சு வாங்குமோ அவ்வளவு நீளம்.
பின்னர் ஓர் அரசன் சட்டம் போட்டான்:
நாற்பது கோல் நீளம், நாலு கோல் அகலம்.
மழை பெய்தாலென்ன, மாடு படுத்தாலென்ன,
இனிமேல் பகல் அவ்வளவுதான்.

சொல் கப்பலேறியது. மாடு ஏறவில்லை.
இங்கே வந்திறங்கியபோது
வன்னியில் வயலை விதையால் சொல்லிக்கொண்டிருந்தார்கள்,
'ஐஞ்சு புசல் விதைப்பு' என்று.
(புசலும் கப்பலில் வந்ததுதான்.
அதற்கு வேறொரு பக்கம் புரட்டவேண்டும்.)

புதன்கிழமை அளக்கப் போனோம்.
பக்கத்துக் காணியில் கஜரூபனின் உழவு மெசின்.
ஏக்கருக்கு ஒரு விலை, டீசல் புறம்பு.
ஒரு பகல் இப்போது
ஒரு மணித்தியாலத்தில் முடிந்து
பீடி பற்றவைக்கிறது.

கண்ணாடிக் கம்பத்தைச் செல்வநிதியே பிடித்தாள்,
சாய்க்காமல், மூலைக்கு மூலை.
கிழக்கு மூலையில் கம்பம் வைக்க இடமில்லை.
வன இலாகாவின் கொங்கிறீற்றுக் கட்டை
வயலுக்குள் இறங்கி நிற்கிறது.
அதற்கப்பால் காடென்று சொல்ல
ஈச்சம்பற்றையும் ஒரு கறையான் புற்றும்.

ஒரு ஏக்கர், மூன்று றூட், எட்டுப் பேர்ச்.
முப்பத்திரண்டு பேர்ச் குறைகிறது என்றேன்.

'ரெண்டெண்டு எழுத ஏலாதோ?'

அளந்ததைத்தான் எழுதலாம்.

'அவர் உதை ரெட்டை மாட்டில
ரெண்டு நாள் உழுறவர், பிள்ளை.
விடிய இறங்கினா பொழுதுபடத்தான் ஏறுவார்.
தேத்தண்ணி கொண்டுபோனது நான்.
நாலு தரம். ஒருநாளைக்கு ரெண்டு தரம்.
அதில நீங்கள் எந்த நாளைக் குறைக்கிறியள்?'

முக்காலியில் கருவி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
அகராதி பார்க்காதவள்.
அரசன் கோல் எடுப்பதற்கு முந்திய நாளில்
நின்று கேட்கிறாள்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
ஏக்கர், றூட், பேர்ச்.
நாளுக்குக் கட்டமில்லை, தேத்தண்ணிக்கும் இல்லை.
அளந்ததையே எழுதினேன்.
கீழே: முப்பத்திரண்டு பேர்ச், பிணக்கு.
கிழக்கெல்லையைப் புள்ளிக் கோட்டில் வரைந்தேன்.

ஏரிலிருந்துதான் ஏக்கர் வந்தது என்று
யாரும் சொன்னால் நம்பவேண்டாம், வேர் வேறு.
ஏக்கத்தைக் கொண்டுவந்து முடிச்சுப் போடுகிறவர்களும்
தள்ளி நிற்கலாம்.

கோப்பைக் கட்டுமுன்
அவளுடைய மனுவை மேலே வைத்தேன்.
சிவப்புப் பேனை இன்னும் திறந்தபடி கிடந்தது.
'ர்' எழுத்தின் புள்ளி
வியர்வை பட்டு மங்கியிருந்தது.
அதை மட்டும்
அழுத்தி வைத்தேன்.