ஏழு நிமிடம்

அடுக்கம்பாறையில் எங்கள் வார்டுக் கடிகாரம்
ஏழு நிமிடம் முந்தி ஓடும்.
எல்லோருக்கும் தெரியும். யாரும் திருத்துவதில்லை.
ஏணி ஸ்டோரில் இருக்கிறது.
ஸ்டோர் சாவி விடுப்பில் போனவரிடம் இருக்கிறது.

தசரதனை ஒடுகத்தூர்ப் பக்கத்துச் சூளையிலிருந்து
கல் ஏற்றுகிற வண்டியிலேயே கொண்டுவந்தார்கள்.
தலைமயிரெல்லாம் செங்கல் தூள்.
வயிற்று வலி என்றார்கள்.
ராத்திரி தின்ற போண்டா என்றார்கள்.
கண்ணைத் திறங்க என்றேன்.
திறந்துதாம்மா இருக்குது என்றார்
இமை பாதி விழுந்த கண்ணோடு.

கட்டுவிரியன்.
தரையில் படுத்தவனை
அவன் தூக்கம் கலையாமல் தொட்டுவிட்டுப் போகும்.
எறும்பு கடித்த அளவுகூடத் தடம் இருக்காது.
பரீட்சையில் இந்தக் கேள்விக்கு
நான் முழு மதிப்பெண் வாங்கியவள்.

தொண்டைக்குள் குழாய் இறக்கினோம்.
வென்டிலேட்டர் மூன்றும்
வேறு மூன்று பேரின் மூச்சாக இருந்தன.
ஆகவே பை.
நானும் ரெஹானாவும் மாற்றி மாற்றி அமுக்கினோம்.
சிறிது நேரத்தில் என் மூச்சும்
அந்தப் பையின் கணக்குக்கே வந்துவிட்டது.
மாற்றிக் கொடுத்த பிறகும்
என் விரல்கள் தனியே மூடித் திறந்தன.

அவருக்குக் காது கேட்கும்.
விரலை அசைக்க முடியாது, இமையைத் தூக்க முடியாது,
ஆனால் கேட்கும்.
அதனால் ரெஹானா பேசிக்கொண்டே இருந்தாள்.
பேர்ணாம்பட்டில் அவள் அண்ணன் கல்யாணம்,
எத்தனை தேக்சா, எத்தனை கிலோ கறி,
கத்தரிக்காயில் புளி தூக்கலாகிப்போய்
சம்பந்தி வீட்டார் முகம் போன போக்கு.
புளி இல்லாமல் என்ன கத்தரிக்காய் என்றேன் நான்.
ஆம்பூர்க்காரி பேசுகிற பேச்சா இது என்றாள்.
ஒரு மனிதன் கடைசியாகக் கேட்டது
இதுவாகத்தான் இருக்கும்.

பிறகு பச்சைக் கோடு தடுமாறியது.
மார்பை அமுக்கினோம், முப்பது, இரண்டு மூச்சு,
மறுபடி முப்பது.
என் நகக்கண்ணில் அவர் சூளை ஏறியது.

சுவரைப் பார்த்து எழுதினேன்: 4.17.
ஜெயசீலி சிஸ்டர் சுவரைப் பார்த்தார்,
தன் மணிக்கட்டைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அப்படியாக, தசரதன், வயது நாற்பத்தொன்று,
அரசுப் பதிவின்படி
ஏழு நிமிடம் கூடுதலாக உயிரோடிருந்தார்.
அந்த ஏழு நிமிடத்தில் நான்
கையுறையைக் கழற்றினேன்,
கை கழுவினேன்,
மறுபடி கழுவினேன்.

வெளியே மச்சான்காரர் நின்றிருந்தார்.
அழவில்லை. எத்தினி பாட்டில் ஏத்துனீங்க என்றார்.
இருபது.
போனில் ஊருக்குச் சொன்னார்:
'இருவது பாட்டில் ஏத்திக்கிறாங்க.
ரெண்டு டாக்டர் பொண்ணுங்க
கையாலயே மூச்சு குடுத்துக்கினு இருந்தாங்க.'
போனை மடியில் செருகிக்கொண்டு
'இன்னும் கொஞ்சம் முன்னாடி இட்டாந்திருந்தா?' என்றார்.

வித்தியாசம் இருந்திருக்காது என்றேன்.

அன்றைக்கு நான் சொன்ன பொய்களில்
சுவர்க்கடிகாரம் சொன்னது சின்னது.

விடிந்துவிட்டது. ரோட்டில் கண்டக்டர்
கண்ணமங்கலம், போளூர் என்று கத்தினார்.
பாறைக்குன்றின் மேல் வெயில் ஏறி நின்றது.
ரெஹானா டீயில் பன்னை முக்கி
பாதி கரைந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஸ்பூன் கேட்டாள்.
விழுந்ததை எடுத்துத் தின்றாள்.
எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ்.

அடுத்த மாதம் சாவி வந்தது, ஏணி வந்தது.
கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது.
நான்தான் இன்னமும்
ஏழைக் கழித்துப் பார்க்கிறேன்.

வயிற்று வலி என்று யார் வந்தாலும்,
கல்லூரிப் பையனோ, பிள்ளைத்தாய்ச்சியோ,
முதலில் கண்ணைத் திறங்க என்கிறேன்.
திறந்துதானே இருக்குது டாக்டர் என்கிறார்கள்.

குனிந்து பார்க்கிறேன்.
திறந்துதான் இருக்கிறது.