கொஞ்சம் கஷ்டம்

அட்டையை இரு கையால் வாங்குங்கள் சார்,
வாங்கியதும் படியுங்கள்,
மேசையில் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள் என்று
ஜங்ஷனிலிருந்து அடிவாரம் வரை மூன்று முறை சொல்லியிருந்தேன்.
செங்கோட்டுவேல் இரு கையாலும்தான் வாங்கினார்,
திருநீறு வாங்குவதுபோல.
பிறகு பின்பாக்கெட்டில் செருகி
அதன்மேலேயே உட்கார்ந்தார்.

மொரிஷிதா அதைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதை மிகக் கவனமாகச் செய்தார்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து விடுதி.
கீழே சேலத்தில் வெயில் நூற்று மூன்று;
தவிர, எங்கள் ஆலையின் புளித்த மாவு வாடை
இத்தனை உயரம் ஏறாது.
நான்கு கண்ணாடிக் கிண்ணங்களில் ஜவ்வரிசி.
ஒரு மணியை இடுக்கியால் எடுத்து
சன்னலுக்கு நேரே பிடித்தார்.
நான்கு மில்லிமீட்டர். அடுத்ததும் நான்கு.
ஒன்பதாவது மணியில் ஒரு சாக்கு நூல்.
"மன்னிக்க வேண்டும்" என்றார்,
நூலை அவரே போட்டுவிட்டதுபோல.
ஓகுரா என்ற பையன் எல்லாவற்றையும் எழுதினான்,
நான் தும்மியதைக்கூட.

"கிழங்கு ஏறிடுச்சு, கூலி ஏறிடுச்சு, டீசல் கேக்கவே வேணாம்.
கிலோவுக்கு எட்டு ரூபா ஏத்தித்தான் ஆகணும்."
சொன்னேன்.
மொரிஷிதா நேரடியாகப் பதில் சொல்லாமல்
ஒரு நூடுல்ஸ் கடையைப் பற்றிச் சொன்னார்.
கோபேயில், அவர் அலுவலகத்துக்கு எதிரே.
வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒரு கிண்ணம் அறுநூறு யென்.
முப்பத்தொரு வருடம் கழித்து
போன மாதம் அறுநூற்றைம்பது.
ஏற்றிய ஐம்பதுக்காகக் கடைக்காரர்
கதவில் மன்னிப்புக் கடிதம் ஒட்டியிருந்தாராம்.
"என் சம்பளமும் ஏறக்குறைய அந்தக் கிண்ணம்தான்" என்று சொல்லிச்
சிரித்தாரா என்று தெரியவில்லை.

"மன்னிப்பா?" என்றார் இவர்.
"நம்மூர்ல டீக்கடைக்காரன் போர்டுல
பழைய விலையை எச்சி தொட்டு அழிப்பான். அதோட சரி."
அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன்.

அப்போது மொரிஷிதா தலையைச் சற்றே சாய்த்து
பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார்.
ஒரே ஒரு சொல் சொன்னார்.
அகராதியில் உள்ளதை அப்படியே சொன்னேன்:
"கொஞ்சம் கஷ்டம்ங்கிறார் சார்."

செங்கோட்டுவேல் முகம் மலர்ந்துவிட்டது.
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கஷ்டம் என்றால்
இப்போதுதான் பேச்சு ஆரம்பம்.
இரண்டு ரூபாய் இறங்கினார்.
மறுபடி அந்தக் காற்று.
இன்னும் ஒன்று இறங்கினார்.
முடிந்துபோன ஒன்றுக்கு
எண்களை நான் இங்கும் அங்கும் சுமந்துகொண்டிருந்தேன்.
சொல்லுக்குத்தானே எனக்குச் சம்பளம்,
மூச்சுக்கு இல்லையே என்று இருந்துவிட்டேன்.

மாம்பழப் பெட்டியை இரு முறை மறுத்தார்,
மூன்றாம் முறை வாங்கினார், பிரிக்கவில்லை.
"ஒண்ணு அறுத்துச் சாப்பிடச் சொல்லும்மா."
அதையும் நான் சொல்லவில்லை.

கார் கிளம்பியது. குனிந்தோம்.
"போலாமா" என்று திரும்பினார்.
"மறையட்டும் சார்."
மறைந்தது.
மலைப்பாதையல்லவா, கீழே பத்தொன்பதாம் வளைவில்
மறுபடி வந்தது.
திறந்த கண்ணாடிக்குள் இரண்டு தலைகள் குனிந்திருந்தன.
நாங்களும் குனிந்தோம்.
சில்வர் ஓக் மரங்களுக்குள் போய்ப்
பதினெட்டில் எட்டிப் பார்த்தது. குனிந்தோம்.

அந்தக் குனிவில், தரையைப் பார்த்தபடி சொன்னேன்:
"சார், அவங்க வேணாம்னுட்டாங்க."
"எப்ப?"
"பதினொன்றரைக்கு. காத்தை இழுத்தாரே, அப்ப."
நிமிராமலே யோசித்தார்.
"பின்ன எதுக்கும்மா இன்னும் குனியறோம்?"
"இன்னும் தெரியறாங்களே சார்."

பதினேழாம் வளைவில் கார்
நான்கு மில்லிமீட்டர் வெள்ளை.
அவர்தான் முதலில் குனிந்தார்.
பின்பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்தார்.
அது அவர் உடம்பின் வளைவில் வளைந்திருந்தது.
தொடையில் வைத்து நீவி, எழுத்துக்கூட்டி,
மொ ரி ஷி தா என்று முதன்முறையாகப் படித்தார்.
"அடுத்த தடவை அவர் காத்தை இழுத்தா
என் காலை மிதிச்சிடு."

பதினாறில் கார் தெரியவில்லை.
மிளகு மூட்டைக்கு வரும் காலி லாரி ஒன்றுதான்
உறுமியபடி மேலேறி வந்தது.
அதற்கும் பாதி குனிந்துவிட்டார்.